பொன்னையா லோயர் ஏறிய லிப்ட்

1990ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலிருந்து, கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணின் மூலைக் கட்டடத்து லிப்ட் பொன்சியானோ கத்திக்பாக் ஏறினால் மட்டுமே ஓடியது. அதற்கு முன்பும் அது ஒழுங்காக ஓடியதில்லை என்பதால் ஒருவரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பக்கத்து லிப்ட் எப்போதோ செத்துப்போயிருந்தது. திருத்த வந்தவர்கள் மோட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். பொன்சியானோ காலை உள்ளே வைத்ததும் விளக்கு எரிந்தது, கதவு மூடியது, பெட்டி மேலே போனது. அவர் இறங்கினால் நின்றது. குப்பை எடுக்கும் நாளை அறிவிப்பது போல மனேஜர் இதையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

பொன்சியானோ பிலிப்பீன்ஸில், செபு நகரத்தில், பேர்பெற்ற வக்கீல். கனடாவில் அந்தப் படிப்பு செல்லாது என்றார்கள். ஒரு சட்ட அலுவலகத்தில் போட்டோ கொப்பி எடுத்தார். மாலையில் அகதி வழக்குக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் காசு வாங்காமல் மனு எழுதிக்கொடுத்தார். தமிழர் வாயில் அவர் பெயர் பொன்னையா ஆனது. தங்கள் நாட்டை ஆண்ட ஸ்பானியர் தன் பாட்டனுக்கு வைத்த பெயரைவிட இது ஒன்றும் மோசமில்லை என்று அவர் ஏற்றுக்கொண்டார். கட்டடமே அவர் வேலைக்குப் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் பார்த்துத்தான் வாழ்ந்தது. பிள்ளைகள் புத்தகப் பையோடும் பெண்கள் உடுப்புக் கூடையோடும் அவருக்காகக் காத்து நின்றார்கள். பத்தொன்பதாம் மாடி இராஜரட்ணத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது, இருப்பது சக்கர நாற்காலியில். இரத்தம் சுத்தப்படுத்த அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள்களில் பொன்னையா வேலைக்குப் பிந்திப் போவார்.

1991இல் பொன்னையா நகரசபைத் தேர்தலில் நின்றார். நீதிமன்றத்தில் பேசக் கிடைக்காத வாயைச் சபையிலாவது திறக்கவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. கட்டடத்துச் சனம் கூட்டத்துக்கு வந்தது, அவர் மனைவி பொரித்த லும்பியா ரோல்ஸைச் சாப்பிட்டது, எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னது. வாக்குப்போடப் போன இடத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரே யோசனை வந்தது: மனுசன் வென்றால் சபைக்குப் போய்விடுவார், பிறகு லிப்ட்? தான் ஒருத்தி போடாவிட்டால் குறைந்துவிடாது என்று இராஜரட்ணத்தின் மனைவி புனிதவதி நினைத்தது போலவே எல்லா மாடிகளும் நினைத்தன. தொகுதி முழுக்க முன்னுக்கு நின்றவர் தன்னுடைய கட்டடத்து வாக்காலேயே தோற்றார்.

மறுநாள், அடுப்பு மூட்டாத செத்த வீட்டுக்குக் கொண்டுபோவது போல, ஒவ்வொரு மாடியிலிருந்தும் அவருக்குச் சாப்பாடு போனது. இடியப்பம், சொதி, மரக்கறிப் புட்டு. இத்தனை பேர் ஒரே முகத்தோடு வந்து நின்றதும் குற்றவாளிகளோடு பழகிய வக்கீலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் தட்டை எடுத்தார். சாப்பிட்டார். விடிந்ததும் வழமை போல லிப்டில் ஏறினார்.

அடுத்த தேர்தல் 1994இல் வந்தது. பொன்னையா அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

"அந்தாளை நாங்கள் லிப்டுக்குள்ள பூட்டி மறியல் வைச்சிருக்கிறம்," என்றார் இராஜரட்ணம்.

"அப்ப நீங்கள் ஆஸ்பத்திரிக்கு என்னெண்டு போவியள்? நானோ தூக்கிறது?" என்றாள் புனிதவதி.

"உன்ர கைக்கு ஒரு கோழிக்குஞ்சும் பாரம். உன்னைத் தூக்கச் சொல்லேல்லை. வோட்டைப் போடச் சொன்னனான்."

"போன முறையும் போட்டனான்தானே."

"ஆருக்கு?"

புனிதவதி சோறு பார்க்கக் குசினிக்குள் போனாள். சோற்றை இறக்கி வைத்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு பொன்னையாவின் கதவைத் தட்டி, இருவருக்கும் பொதுவான உடைந்த இங்கிலீசில், தேர்தலில் நிற்கும்படி சொன்னாள். அவர் இராஜரட்ணத்தின் பெயரை மட்டும் சொல்லி அவளைப் பார்த்தார். தன் மனுசன்தான் அனுப்பினார் என்றாள். அங்கிருந்து படியால் மாடி மாடியாக இறங்கி, "நானும் போன முறை களவுதான் செய்தனான், இந்த முறை நேர்மையாப் போடுவம்," என்று கதவுகளில் சொல்லிக்கொண்டே போனாள். பொன்னையா வென்றார்.

அவர் பதவியேற்கப் போன அன்று லிப்ட் நின்றது. காலையில் அவரோடு இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த இராஜரட்ணம் பின்னேரம் வரை கீழ்வாசலில் கோட்டோடு இருந்தார். புனிதவதி பக்கத்தில் இருந்தாள். கழுத்தில் புது ரையோடு வந்த கவுன்சிலர் இருவரையும் மேலே கொண்டுபோனார்.

அடுத்த காலை அவர் ஒரு சின்ன மேசை, இரண்டு மடக்குக் கதிரை, ஒரு தொலைபேசி எல்லாவற்றையும் லிப்டுக்குள் வைத்தார். இது தொகுதி அலுவலகம் ஆகாது என்று நகரசபை வக்கீல்கள் மறுத்தார்கள். தொகுதி அலுவலகம் தொகுதிக்குள் இருக்கவேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, அது அசையக்கூடாது என்று எங்கே சொல்கிறது என்று அவர் கேட்டார். செபுவை விட்டு வந்தபின் அவர் வென்ற முதல் வழக்கு அது. முறைப்பாடுகளை மேலே ஏறும்போது கேட்டார், இறங்கும்போது பதில் சொன்னார். சபை கூடும் நாள்களை விலக்கி ஆஸ்பத்திரி இராஜரட்ணத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தது. சபை கூடிய நாள்களில் மற்றவர்கள் படியில் ஏறினார்கள்.

1997இல் புதிதாகக் குடிவந்த ஒருவர், லிப்டுக்குள் ஏன் மேசை போட்டு ஆள் இருக்கிறார் என்று கேட்டார்.

"கவுன்சிலர்," என்றார் இராஜரட்ணம். "எந்த மாடி எண்டு கெதியாச் சொல்லுங்கோ, அவருக்கு வேலை கிடக்கு."