ஹெட்லியின் சமையலறைக்கு வந்த சுரம்

ஜூலை மாதத்து இரண்டாம் சனிக்கிழமை மாலை விழா மேடையில் பாடகி இல்ஸே பாடிய உச்ச சுரம் வேலியைத் தாண்டி ஹெட்லி பிராக்கெட்டின் சமையலறைக்குள் நுழைந்தது, திரும்பிப் போகவில்லை. கெட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, ஒலித்துக்கொண்டு நின்றது. மழை நாளில் கொஞ்சம் கனத்து இறங்கும். மற்றபடி தொந்தரவில்லை.

வேறு வீட்டுக்குப் போயிருந்தால் ஊர் கண்டுகொண்டிருக்காது. நெதர்கோம் கிராமத்தில் ஆப்பரா என்னும் இசைநாடக விழாவே கூடாதென்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர் ஹெட்லி. கோடை வந்தால் பண்ணைச் சந்தில் கார்கள் அடைத்துக்கொள்ளும். கறுப்புக் கோட்டுக் கனவான்கள் அவருடைய புல்வெளியோரம் விரிப்புப் போட்டு சால்மன் மீன் சாப்பிடுவார்கள். அந்த ஆண்டு விழாத் தலைவி ரொவீனா, 'எல்லோரும் வருக' என்று அறிவித்து லெஸ்டர் நகரத்திலிருந்து ஒரு பேருந்து நிறைய இந்தியக் குடும்பங்களை வரவழைத்தார். ஊர்க்காரர்களுக்கும் இலவச இருக்கை, தூணுக்குப் பின்னால். லெஸ்டர்க்காரர்கள் சமோசாவோடு வந்து பிள்ளைகளுக்குக் கதையை உரக்க விளக்கினார்கள். வரவேற்றவர்கள் திரும்பித் திரும்பி முறைத்தார்கள். ஹெட்லி போகவேயில்லை. சுரம்தான் அவரைத் தேடி வந்தது.

துண்டை வீசி விரட்டிப் பார்த்தார். பன்றி இறைச்சியைக் கருக்கிப் புகை போட்டார். குழாய் ரிப்பேர்க்காரர் வந்து சுவரில் காது வைத்துக் கேட்டு, தன் துறையில்லை என்று கிளம்பிவிட்டார். அன்று உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த மேவிஸ் நிமிர்ந்தாள். ஹெட்லியின் மனைவியான அவளுக்குப் பல வருஷமாகக் காது சுத்தமாகக் கேட்காது.

"யாரு ஹெட்லி பாடறது?"

"உனக்குக் கேக்குதா?" என்றார். அவள் சுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மட்டும்தான் கேட்டது. கோழிச் சத்தமும் இல்லை, புருஷன் குரலும் இல்லை. எவளோ ஒருத்தியின் குரல் கேட்கிறது, என் குரல் கேட்கவில்லையா என்று ஹெட்லி சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு ஒருநாள், திரைச்சீலைக்கு ஆணியடிக்க முக்காலியில் ஏறியவர், சுரத்துக்குள் தலை இருந்தபோது விரலை நசுக்கிக்கொண்டு கெட்ட வார்த்தையில் கத்தினார். அது தற்செயலாகச் சுருதியில் விழுந்தது.

"வாய அடக்கு, ஹெட்லி!" என்றாள் மேவிஸ். அப்புறம் இருவரும் வெகுநேரம் அழுதார்கள். அன்றிலிருந்து கோழி முட்டையிட்டதையும் கஞ்சி அடிப்பிடித்ததையும் அவர் முக்காலியில் ஏறி, இழுத்துப் பாடித்தான் சொன்னார்.

மேடையிலோ அந்தச் சுரம் வரவேண்டிய இடத்தில் இல்ஸேயின் வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. மௌனத்தின் துணிச்சல் என்று பத்திரிகைகள் மெச்சின. அவள் ஒப்பனை அறையில் விசும்பினாள். ஊரார் சொன்னதைக் கேட்டு ரொவீனா அவளை அழைத்துக்கொண்டு ஹெட்லியின் பண்ணைக்கு வந்தார்.

"அது எங்க விழாவோட சொத்து, மிஸ்டர் பிராக்கெட்."

"உங்க சத்தத்த எடுத்துட்டுப் போங்கன்னு வருஷக்கணக்கா கெஞ்சினேனே, அப்ப எங்க போனீங்க?"

சுரம் சொந்தக்காரியை அடையாளம் கண்டு அவள் பக்கம் நகர்ந்தது. "எங்க போவுது அது?" என்று மேவிஸ் பதறி எழுந்தாள். ஹெட்லி முக்காலியைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடி, ஏறி நின்று, "இவளுக்கு வேற எதுவும் கேக்காதும்மா" என்று பாடினார். குரல் பிசிறியது.

சுரத்தை வாங்கத் திறந்த வாயை இல்ஸே மூடிக்கொண்டாள். "கொஞ்சம் இறங்கிப் பாடறீங்க. வயித்துலேர்ந்து எடுங்க" என்றாள். "மத்த சுரமெல்லாம் எங்கிட்ட இருக்கு. இது இங்கயே இருக்கட்டும்."

அப்படியே ஏற்பாடாயிற்று. அந்த இடம் வரும்போது இல்ஸே வாயைத் திறப்பாள், ஹெட்லி ஜன்னலைத் திறப்பார். புல்வெளியில்தான் நன்றாகக் கேட்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர்கள் லெஸ்டர்க்காரர்கள். பின்னாலேயே கறுப்புக் கோட்டுகள் தயங்கித் தயங்கி வந்தன. "வாங்க வாங்க, தள்ளி உக்காருங்க, இடமிருக்கு" என்று லெஸ்டர்க்காரர்களில் ஒருவரான குசும் சோலங்கி பாயை இழுத்துப்போட்டார்.

குளிர்காலத்தில் விழா கிடையாது. ஆனாலும் ஹெட்லியும் மேவிஸும் ஜாமில் சர்க்கரை கூடிப்போனதைப் பற்றிச் சண்டையிடும்போது, சந்தில் போகிறவர்கள் நின்று கடைசிவரை கேட்கிறார்கள். சண்டை நன்றாக அமைந்தால் கைதட்டிவிட்டுப் போகிறார்கள்.