ஞானதீபத்தின் பட்டு

"மதினி, சவப்பெட்டி வந்துருச்சு. அந்தச் சேலைய எடுத்துத் தாங்க," என்றாள் எஸ்தர், இறந்துபோன தேவாசீர்வாதம் வாத்தியாரின் தங்கை.

பாக்கியவதி கணவனின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். எந்தச் சேலை என்று கேட்கவில்லை. செத்துப்போன மூத்த தாரம் ஞானதீபத்தின் கல்யாணப் பட்டுதான். அதைத் தன் நெஞ்சில் வைத்துப் புதைக்க வேண்டும் என்று மனிதர் தங்கையிடம் சொல்லி வைத்திருக்கிறார், பெண்டாட்டியிடம் சொல்லவில்லை.

இரண்டாந்தாரமாக வந்த நாளிலிருந்து அந்தச் சேலைக்குப் பணிவிடை செய்தவள் பாக்கியவதி. அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனிகளின் கந்தகக் காற்று பட்டால் சரிகை கறுத்துவிடும். அதனால் வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில்தான் நிழலில் உலர்த்துவாள். பூச்சி அரிக்காமல் வசம்பு வைத்துப் பழைய வேட்டியில் சுற்றுவாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுவாள். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே இற்றுவிடும். அவளுடைய கல்யாணச் சேலையோ கொடியில் கிடந்து வெளுத்தது. அதை யாரும் கேட்கவில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மூன்று வருடத்துக்கு முன், உலர்ந்த சேலையை அவர் வருடிக்கொண்டு நின்றதைப் பார்த்தாள். அன்றோடு அந்தப் பொட்டலத்தைத் தொடுவதை நிறுத்தினாள். அவர் கேட்டால், "மாத்தியாச்சு" என்பாள். இற்றுப் போகட்டும் என்றே காத்திருந்தாள்.

இப்போது எல்லார் முன்னாலும் அதை விரித்தாள். மடிப்பு நெடுகப் பட்டு விரிசல் விட்டிருந்தது. ஆனால் பிரியவில்லை. தடித்த வெள்ளை நூலில் எட்டி எட்டிப் போட்ட தையல். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டுகளுக்கு அவர் போடும் அதே தையல்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. "மாத்தியாச்சு" என்றபோதெல்லாம் தெரிந்தேதான் தலையாட்டியிருக்கிறார்.

"என்ன மதினி, தையல் கெடக்கு?"

"நாந்தான் போட்டேன்."

"ஒங்கள மாதிரி யாரு பாப்பாக. அவ கைபட்டாத்தான் அந்தச் சேல நிக்கும்னு அண்ணன் போன மாசம்கூடச் சொன்னாக."

பாக்கியவதி அந்தத் தையலை விரலால் தடவினாள். யாருக்காகத் தைத்தார்? செத்தவளின் சேலைக்காகவா, இவளைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காகவா? கேட்க இனி ஆளில்லை.

உபதேசியார் வேதப்புத்தகத்தோடு காத்திருந்தார். அவள் சேலையைத் தரையில் பரப்பி நீவினாள். பழைய கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் புதிதாக மடித்தாள். உள்ளே ஒரு துண்டு வசம்பும் வைத்தாள்.