பழைய பஸ்ஸின் சத்தம்

பழைய டவுன் பஸ்ஸை உடைக்கக் கொண்டுபோன மறுநாளும் அதன் சத்தம் மட்டும் வழக்கமான நேரத்துக்கு மயிலத்திலிருந்து கிளம்பித் திண்டிவனம் போனது. கியர் மாற்றும்போது வரும் உறுமல், கண்ணாடிகளின் கடகடப்பு, கண்டக்டரின் விசில், ஒன்றும் குறையவில்லை. ரோட்டில் படுத்திருந்த நாய்கள் எழுந்து வழிவிட்டன. முதல் வாரம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. பார்க்க ஒன்றுமில்லாததால் கலைந்தது. அதன்பிறகு ரோட்டில் மல்லாட்டைக் கடலை காயப்போடுகிறவர்கள் சத்தம் போக ஓரமாக இடம் விட்டார்கள்.

அந்தச் சத்தத்துக்குச் சற்றுப் பின்னால் அதே ரூட்டில் புதிய மின்சார பஸ் ஓட ஆரம்பித்தது. அதற்காக நாயாய் அலைந்தவள் காலனி அன்புச்செல்வி. டீசல் புகையில் அவள் மகளுக்கு இழுப்பு வந்திருந்தது. அதே காலனியில் சக்கர நாற்காலியில் இருக்கும் கிருஷ்ணசாமி பஸ் ஏறிப் பல வருஷமாகியிருந்தது. வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினாள், விழுப்புரம் போய் ஆபீஸ் வாசலில் தவம் கிடந்தாள். பஸ் வந்த அன்று வாழைமரம் கட்டி, பூசணிக்காய் உடைத்து, கிருஷ்ணசாமியைத்தான் முதலில் ஏற்றினார்கள். புகையுமில்லை, சத்தமுமில்லை என்று எல்லோரும் மெச்சினார்கள். அவளுடைய அத்தை வெள்ளையம்மாளை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்புச்செல்வியும் கேட்கவில்லை.

வெள்ளையம்மாளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவித்த மல்லாட்டைக் கூடையோடு தனியாகவே திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் விற்று வருவாள். அவள் ஏறுவது கை காட்டினால்தான் பஸ் நிற்கும் ஸ்டாப், அந்த நேரத்தில் அங்கே வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அவள் சத்தத்துக்குக் கை காட்டினாள். சத்தம் நின்றது. காலை வைத்தால் படி இல்லை. திகைத்துக் கையை இறக்கிக்கொண்டு நின்றபோது பின்னால் புது பஸ் ஓசையில்லாமல் வந்து, கை காட்ட ஆளில்லை என்று நிற்காமல் போனது. தினமும் இதே கதை. கூடை வீட்டிலேயே ஊசிப்போனது. நானே வந்து ஏற்றிவிடுகிறேன் என்று அன்புச்செல்வி கெஞ்சினாள்.

"யார் கையயும் புடிச்சிக்கினு நான் டவுனுக்குப் போனதில்லடி" என்றாள் வெள்ளையம்மாள்.

பஸ்ஸில் ஒரு மணி கட்டச் சொல்லி அன்புச்செல்வி மறுபடி விழுப்புரத்துக்கு அலைந்தாள். சத்தமில்லாததுதானே அதன் பெருமை என்று அங்கே சிரித்தார்கள். அந்த ஐப்பசி மழையில் ஒருநாள் வெள்ளையம்மாளின் காலுக்குப் படி தட்டுப்பட்டது. ஏறினாள். வயலில் நின்றவர்கள் பார்க்க, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஆளுயரத்தில், அந்தரத்தில் உட்கார்ந்தபடி போனாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி வியாபாரமும் செய்தாள். அவளும் கூடையும் நனைந்திருக்கவில்லை என்று மல்லாட்டை வாங்கியவர்கள் சொன்னார்கள்.

அடுத்த வருஷம் மணி கட்டிவிட்டார்கள். அன்புச்செல்வி ஓடிப்போய்ச் சொன்னாள்.

"நீ கேட்டு வாங்கின பஸ்ஸு நல்ல பஸ்ஸுதான்" என்றாள் வெள்ளையம்மாள். "ஆனா இந்தச் சத்தம்தான் என்ன உட்டுட்டுப் போகல."

அன்புச்செல்விக்கு அந்த வார்த்தை நெஞ்சில் தைத்துக்கொண்டது. மறுநாள் அத்தையோடு ஸ்டாப்பில் நின்று தானும் கை காட்டினாள். சத்தம் நின்றது. அத்தை ஏறினாள். பின்னாலேயே ஏறப் போனவளின் காலுக்கு வெறும் தார் ரோடுதான் கிடைத்தது. மணியடித்துக்கொண்டு வந்த புது பஸ்ஸில் ஏறி, டிரைவர் வேங்கடேசனுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். முன்னால் அந்தரத்தில் அத்தை, பக்கத்தில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டு போவது கண்ணாடி வழியே தெரிந்தது. அத்தையை ஒரு தடவை கேட்டிருக்கலாம் என்று அன்புச்செல்வி சொன்னாள். திண்டிவனம் வரும்வரை வேங்கடேசன் அந்தச் சத்தத்தை முந்தாமல் ஓட்டினார்.