வால் வரிகள்

செய்தி ஆசிரியர் வெட்டிய வரிகள் பத்தொன்பது வருஷமாக அவர் வீட்டுக்கு நடந்தே வந்து சேர்ந்தன. பால் பாக்கெட் வரும் நேரத்துக்குக் கதவிடுக்கில் எறும்புச் சாரையாக நுழைந்து, சுவரேறிப் பரணுக்குப் போகும். படியெல்லாம் மை ஆகிறது என்று கீழ்வீட்டுத் தையல்காரர் இரண்டு முறை குறைபட்டார். பிறகு அவருக்கும் பழகிவிட்டது. வந்தவை எல்லாமே கடைசி வரிகள். நாளிதழில் முக்கியமானதை மேலே வைப்பார்கள். இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டுவார்கள். நம்மவர் கண்ணை மூடிக்கொண்டே வெட்டுவார். அலுவலகத்தில் அவர் பெயரே கத்தரி.

பக்கங்களைக் குறைத்த நாளிதழ் ஒருநாள் கத்தரியையே கத்தரித்தது. நாற்பத்தெட்டு வயதில் அவர் ஒரு மாத இதழுக்கு விண்ணப்பித்தார்: தலைப்பு வைப்பேன், தகவல் சரிபார்ப்பேன், சொன்ன நேரத்துக்கு முடிப்பேன். ஓர் இதழ் செய்து காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார் முதலாளியம்மா. கத்தரிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு கட்டுரையோடு முழுசாக ஒரு வாரம் உட்காரலாம் என்பதை நினைத்து நினைத்துச் சிரித்தார். கட்டுரையில் சொன்னபடி பாலத்துக்குப் பன்னிரண்டு தூண் இல்லை, பதினொன்றுதான் என்று படத்தில் எண்ணிக் கண்டுபிடித்தார். பத்து நாள் வேலை மூன்று நாளில் முடிந்தது. அந்த உற்சாகத்தில், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநரின் கட்டுரையைப் பழக்கதோஷத்தில் கீழிருந்து வெட்டிவிட்டார். வரிகள் தாளிலிருந்து இறங்கிப் போய்விட்டன.

முதலாளியம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “தலை இருக்கு, உடம்பு இருக்கு. ரயில் எங்க போய்ச் சேர்ந்துதுன்னு தெரியலையே. நாளைக்குள்ள முடிவு வேணும். இல்லைன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்.”

கத்தரி வீட்டுக்கு ஓடி ஏணியைப் போட்டார்.

“என்னங்க, பரணைத் திறந்தா மூட முடியாது, பாத்துக்கோங்க” என்றார் மனைவி, ஏணியைப் பிடித்தபடி.

திறந்ததும் பத்தொன்பது வருஷத்து வால்களும் இறங்கின. வெள்ளத்தில் போன நாய் திரும்பி வந்தது, தீப்பிடித்த கடையை அதன் சொந்தக்காரர் மறுநாளே திறந்தது, எல்லாம் அங்கே இருந்தன. இத்தனை நல்ல சேதியையா வெட்டினோம் என்று வெட்கமாக இருந்தது அவருக்கு, சந்தோஷமாகவும் இருந்தது. அவர் நடக்க, அவை வரிசையாகப் பின்னால் வந்தன. சாலையில் வண்டிகள் நின்று வழிவிட்டன.

அலுவலகத்தில் ரயில் ஓட்டுநரின் வரிகள் தாமாகவே மேலேறித் தாளில் உட்கார்ந்தன: முதல்முறை பயணியாக ஏறிய நாளில்தான், பாதையோரத்துத் தன் வீட்டு மாடி ஜன்னலில் மனைவி கையசைப்பதை அவர் பார்த்தாராம். தண்டவாளத்தையே பார்த்து அவர் ரயில் ஓட்டிய முப்பது வருஷமும் மனைவி அசைத்திருக்கிறார். முதலாளியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

அப்போது ஒரே ஒரு வரி மட்டும் மேஜைமேல் ஏறி, கோப்பிலிருந்த கத்தரியின் விண்ணப்பத்தில் போய்ப் படுத்தது. இடமில்லை என்று அவரே வெட்டியிருந்த வரி. முதலாளியம்மா குனிந்து படித்தார்: ‘ஒரே ஒரு தடவையாவது ஒரு விஷயத்தைக் கடைசிவரை சொல்ல எனக்கு ஆசை.’

“இதைத்தாங்க மொதல்ல எழுதியிருக்கணும்” என்றார். பிறகு ஆசிரியர் அறைச் சாவியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

மிச்ச வரிகள் இப்போது அந்த அலுவலக வராந்தாவில் இருக்கின்றன. மாதம் நாலைந்தாக அச்சேறுகின்றன. பரணில் மனைவி பாய்களை வைத்திருக்கிறார்.