பிழைக்கு அடுத்த நொடி

பச்சை விளக்கு எரிந்தால் இடப்பொத்தான். சிவப்பு எரிந்தால் வலப்பொத்தான். இப்படி நானூறு முறை. மனித மனத்தை இரண்டு பொத்தான்களுக்குள் அடைத்துவிடலாமென்று எவருக்குத் தோன்றியதோ, அவருக்கே வெளிச்சம்!

கோல்கம்பத்தருகே பாய்ந்து பாய்ந்து பந்தைப் பிடித்ததால் பூனையென்று பெயரெடுத்தவள், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தாள். மூன்று வாரங்களுக்கு முன் இறுதியாட்டத்தில், கைக்கு வந்த பந்தைக் கால்களுக்கிடையே நழுவவிட்டுத் தோல்விக்குக் காரணமானவளும் அவளே. இன்றைய சோதனையில் தேறினால்தான் ஞாயிற்றுக்கிழமை அணியில் இடம்.

சோதனை முடிந்ததும், அதை நடத்திய உளவியல் பெண்மணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பக்கத்திலிருந்த அணியின் பயிற்சியாளரிடம் பேசினார்.

"தப்பா அழுத்தினா, அடுத்த தடவை யாருக்குமே விரல் கொஞ்சம் தயங்கும் சார். போன வருஷம் இவளுக்கே தொண்ணூறு மில்லிசெகண்ட் தயக்கம் இருந்துச்சு. இன்னிக்கு முப்பத்தொரு தப்பு. தயக்கம் சுத்தமா இல்ல."

பயிற்சியாளர் தொடையைத் தட்டினார். "பாத்தீங்களா! தப்பை உதறிட்டு அடுத்த வேலைக்குப் போறா. இதைத்தானே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!"

"உதறினாளா, உறைக்கவே இல்லையான்னு இந்த எண் சொல்லாது சார்." பெண்மணி பூனையின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, தப்பா அழுத்தினது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது மேடம்."

"அப்ப என்ன தோணுச்சு?"

பூனை யோசித்துப் பார்த்தாள். தோற்ற அன்று அணியே அழுதது. அவளுக்கு அழுகை வரவில்லை. "அழுது தொலையேன்டி" என்று அக்கா கெஞ்சியபோதும் வரவில்லை. இன்று காலை தேநீர் நாக்கைச் சுட்டது; சுட்டது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

"ஒண்ணும் தோணல."

"அடி சக்கை! கோல்கீப்பர்னா இப்படித்தான் இருக்கணும்."

"சார், பந்து உள்ளே போனாக்கூட எனக்கு ஒண்ணும் ஆகாது. ஞாயித்துக்கிழமை என்னை கோல்ல நிக்க வைக்காதீங்க."

"அடக்கத்தைப் பாருங்களேன்!"

"அவ சொல்றதைக் காதுல வாங்குங்க சார்."

"எண்ணே சொல்லிடுச்சேம்மா. அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டோம்?"

பெண்மணி மறுபடி திரையைப் பார்த்தார். தாம் அளந்ததைப் பொய்யென்று எப்படிச் சொல்வார்? அது பொய்யும் அன்று.

பயிற்சியாளர் பட்டியலின் முதல் வரியில் பூனையின் பெயரை எழுதி, "சந்தோஷமா?" என்று கேட்டார். இன்னொரு முறை மறுக்க வேண்டுமென்று அவளுக்குத் தெரிந்தது. தலை மட்டும் சரியென்று ஆடியது. குனிந்து ஷூக்கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பயிற்சிக்குப் புறப்பட்டாள்.