தாழ்வாரத்து வைத்தியம்

கல்கத்தாவின் அந்த அரசு ஆஸ்பத்திரியில் மனித உடம்பைப் பாகப்பிரிவினை செய்து வைத்திருந்தார்கள். இதயம் ஒரு டாக்டருக்கு, வயிறு இன்னொருவருக்கு, மூத்திரப்பை மூன்றாமவருக்கு. யாருக்கும் வேண்டாத தலைசுற்றல், அசதி, காரணம் தெரியாத காய்ச்சல் எல்லாம் டாக்டர் சிவராமகிருஷ்ணனுக்கு. எம்.பி.பி.எஸ்ஸோடு படிப்பை நிறுத்திக்கொண்டவர். கூடப் படித்தவர்கள் கல்யாண வீடுகளில் பார்த்தால், "இன்னும் ஜெனரல்தானா?" என்று கேட்பார்கள். "ராணுவத்துல அதுக்கு மேல பதவியே கிடையாதே" என்று சொல்லிவிட்டு அவரே முந்திக்கொண்டு சிரித்துவிடுவார். மற்றவர்கள் சிரிப்பார்களா என்று காத்திருக்க அவருக்குத் தைரியம் இல்லை.

இந்த ஜாதி டாக்டர்களுக்குப் பதவி உயர்வு வேண்டுமென்றால், நோயாளிகளை விட்டுவிட்டு ஆபீசுக்குப் போய், போர்வை பினாயில் கொள்முதலுக்குக் கையெழுத்துப் போடவேண்டும். இரண்டாயிரத்து நான்கில் சுகாதார இலாகாவுக்கு எப்படியோ ஞானம் பிறந்தது. வார்டிலேயே இருந்துகொண்டு மேலே போகும்படி, பொது மருத்துவர்களுக்கென்று ஒரு மூத்த பதவி. பரீட்சார்த்தமாக ஒன்றே ஒன்று. விண்ணப்பித்தவர்கள் இரண்டு பேர். இவர் ஒருவர், எதிர் மேஜையில் நோயாளிகளைப் பார்க்கும் கீதாஞ்சலி இன்னொருத்தி. கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழ்ப் பெண். வங்காளிப் பழக்கத்தில் அவரை அண்ணனாக்கி 'சிவாதா' என்று கூப்பிடுவாள். அவளை அவர் போட்டியாகவே நினைக்கவில்லை.

அந்தப் பதவி அவருக்கு வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ரொம்பவே வேண்டியிருந்தது. இத்தனை காலம் தான் செய்தது ஒரு வேலைதான், மற்றவர்கள் ஒதுக்கியதைப் பொறுக்குவது அல்ல என்று யாராவது சொல்லவேண்டும். நேர்முகத் தேர்வுக்காக, 'நோயாளிக்கு முதலில் வேண்டியது முழு ஆளையும் பார்க்கிற ஒரு டாக்டர்' என்று தொடங்கும் பிரசங்கம் ஒன்றைத் தயார்செய்து, டாக்குரியா பேட்டையிலிருந்த தன் வீட்டுக் குளியலறையில் ஒத்திகை பார்த்தார்.

"ஏன்னா, உள்ள யாரோட சண்டை போட்டுண்டிருக்கேள்?" என்று மனைவி ஜலஜா கதவைத் தட்டினாள்.

ஒத்திகைக் கவலையில் தூக்கம் போயிற்று. நெஞ்சு கரித்தது. ராத்திரியெல்லாம் பாத்ரூமுக்கு நடை. டாக்டருக்கு உடம்புக்கு வந்தால் சீட்டு வாங்கி வரிசையில் நிற்கும் வழக்கம் அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது, அதெல்லாம் நோயாளிகளுக்கு. டாக்டர்கள் தாழ்வாரத்தில் டீ குடித்தபடியே ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன சாம்பிள் மாத்திரை ஓர் அட்டை சட்டைப்பைக்கு வந்து சேரும். வேறென்ன சாப்பிடுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு. இதய டாக்டர் பிரஷர் ஏறியிருப்பதாக ஓர் அட்டை கொடுத்தார். வயிற்று டாக்டர் ஒன்று, மூத்திரப்பை டாக்டர் ஒன்று, தூக்கத்துக்கு மனநல டாக்டர் ஒன்று. நாலு நிபுணர்களைப் பார்த்துவிட்ட திருப்தியோடு சிவராமகிருஷ்ணன் நாலையும் விழுங்கினார்.

நேர்முகத் தேர்வு அலிப்பூரில். குழுவில் இருந்தவர்கள் எல்லாருமே ஸ்பெஷலிஸ்டுகள். பொது மருத்துவரைத் தேர்ந்தெடுக்க வேறு யாரை நம்புவது? முதலில் கீதாஞ்சலி போய்விட்டு வந்தாள். அடுத்து இவர். பிரசங்கம் அமர்க்களமாக நடந்தது. தலைவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கிடைத்துவிட்டது என்றே முடிவுகட்டி, நன்றி சொல்ல விருட்டென்று எழுந்தார் சிவராமகிருஷ்ணன். அறை சுழன்றது. மறு நிமிடம் தரையில் கிடந்தார்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் நாடியைப் பிடித்தார், ஒருவர் கண் இமையைத் தூக்கினார், ஒருவர் வயிற்றை அமுக்கினார். இதயம்தான் என்றார் ஒருவர், மூளை என்று அடித்துச் சொன்னார் மற்றவர். மேலே அந்தச் சண்டை நடந்துகொண்டிருக்க, கீழே கிடந்தவர் எந்த நோயாளியிடமும் கேட்கும் கேள்வியைப் பழக்கதோஷத்தில் தன்னிடமே கேட்டுக்கொண்டார்: என்னென்ன மாத்திரை சாப்பிடறே? பிரஷர் மாத்திரையோடு அந்த மூத்திரப்பை மாத்திரையும் சேர்ந்தால், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அவரே எத்தனையோ பேருக்கு நிறுத்தியிருக்கிறார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். கண்டுபிடித்த பெருமை வாயைத் திறந்துவிட்டது; நாலு அட்டைக் கதை முழுவதும் வெளியே வந்தது.

தலைவர் அசந்துபோனார். "இதுக்குத்தான் இந்தப் பதவியே வேணும்! நாலு பேர் பார்த்தும் ஒருத்தரும் முழுசாப் பார்க்கலையே." பிறகு, சாதாரணமாகத்தான் கேட்டார்: "ஆமா, நீங்க ஏன் முதல்ல ஒரு ஜெனரல் டாக்டர்கிட்டப் போகலை? எதிர் மேஜையிலயே டாக்டர் கீதாஞ்சலி இருக்காங்களே?"

"அவங்க வெறும் எம்.பி.பி.எஸ். தானே, சார்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. இந்த முறை முந்திக்கொண்டு சிரிக்க அவரால் முடியவில்லை.

பதவி கீதாஞ்சலிக்குப் போயிற்று. "இன்டர்வியூவுக்குப் போயிட்டு பேஷண்டாத் திரும்பி வந்தவன் நான் ஒருத்தன்தான்" என்று வீட்டில் விஷயத்தைத் தமாஷாக்கப் பார்த்தார். ஜலஜா விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கெட்டிக்காரியா இருப்பா போலிருக்கே! என் முழங்கால் வலியையும் அவகிட்டயே காட்டிடலாமா?" என்றாள். பதவி போனதைவிட இதுதான் வலித்தது. இத்தனை வருஷத்தில் அவள் அந்த முழங்காலை அவரிடம் காட்டியதே இல்லை. ஆனால் அவள்மீது கோபப்பட எந்த முகத்தோடு போவது?

மறுநாள் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றார். முறை வந்து உள்ளே போனதும் கீதாஞ்சலி பதறி எழுந்தாள். "சிவாதா, நீங்க ஏன் லைன்ல? கூப்பிட்டிருந்தா நானே வந்திருப்பேனே!"

"இல்ல, உக்காரு. பேஷண்ட்டைப் பாரு."

அவள் உட்கார்ந்தாள். ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னாள். நெஞ்சு கரிப்பு, தூக்கம், நாலு அட்டைகள், எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். இரண்டு மாத்திரைகளை நிறுத்தினாள். "வேற ஏதாவது கஷ்டம் இருக்கா?"

"இருக்கு" என்றார். "இந்தப் பதவி எனக்குக் கிடைக்கணும்னு ரொம்ப ஆசைப்பட்டேன், கீதா."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். வெளியே வரிசை நீண்டிருந்தது. ஆனாலும் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை.

"சொல்லுங்க சிவாதா" என்றாள்.