போன வருடத்து வண்டி

விற்காமல் கடையில் நின்றபடியே புத்தாண்டைக் கடந்துவிட்ட மோட்டார் சைக்கிள் அந்த இரவே செத்துப்போகிறது. இஞ்சின் ஓடும், விளக்கு எரியும், ஹாரன்கூட அடிக்கும். ஆனாலும் அது பிணம்தான். இந்த உண்மையைக் கண்டுபிடித்தவன் லிபார்தோ. ஆற்றங்கரை ஊரான லோரிகாவின் சந்தை முனையில் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஆள் ஏற்றிப் பிழைப்பவன். கண்டுபிடித்ததோடு நிற்காமல், ஆற்றங்கரையில் சவாரிக்குக் காத்திருந்த அத்தனை பேருக்கும் காசு வாங்காமல் போதித்தும் வந்தான்.

போதனைக்கு உதாரணமாகச் சிக்கியவன் யாமித். லிபார்தோவின் மனைவி நெல்லிஸுக்குத் தம்பி. சென்ற ஆண்டு, அதற்கு முந்தின ஆண்டின் வண்டியொன்று கடையில் மிஞ்சிக் கிடந்ததைத் தள்ளுபடியில் வாங்கிவந்தான். வாங்கியதில் தவறில்லை. அதை வெளியே சொன்னதுதான் தவறு. அந்த ஊரில் வண்டியைப் பார்த்தால் கம்பெனி பெயரை யாரும் கேட்பதில்லை, எந்த வருஷத்து வண்டி என்றுதான் கேட்பார்கள். யாமித் அசடு, உள்ளதைச் சொல்லிவிட்டான். அப்புறம் புத்தி வந்து, புது வண்டிதான் என்று ஊருக்குத் தெரியட்டும் என்று இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே ஓட்டினான்.

லிபார்தோ தினமும் அந்த வண்டியின் முன் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொள்வான். "மச்சான், பொணத்து மேல போத்துனத இன்னும் எடுக்கலியா?" என்பான். அந்த ஊர் வெயிலில் பிளாஸ்டிக் தொடையோடு ஒட்டிக்கொள்ளும். சவாரி வந்தவர் இறங்கும்போது பர்ரென்று ஒரு சத்தம் வரும். "கேட்டுக்கங்கப்பா, செத்தது பேசுது" என்பான் லிபார்தோ. ஆற்றங்கரையே சிரிக்கும்.

இந்த ஜூலை மாதத் தொடக்கத்தில், பாலத்தின் நடுவில் வைத்து லிபார்தோவின் சொந்த வண்டி இறுகி நின்றது. மெக்கானிக் இஞ்சினைத் திறந்தான், பார்த்தான், அப்படியே மூடிவிட்டான். வாயை வைத்து ஆள் ஏற்ற முடியாதே. வேறு வண்டி வாங்கித்தான் ஆகவேண்டும்.

ஷோரூமில் இரண்டு வண்டிகள் அடுத்தடுத்து நின்றன. ஒரே கம்பெனி, ஒரே சிவப்பு. ஒன்று இந்த வருடத்தது, மற்றது போன வருடத்தில் மிஞ்சியது. மிஞ்சியதை வாங்கக் கையில் இருப்பது போதும். புதியதை வாங்குவதென்றால் நெல்லிஸின் ஃப்ரீசரை விற்கவேண்டும். புளிச்சாற்றையும் கொரோசோ பழச்சாற்றையும் சின்னப் பைகளில் ஊற்றி உறையவைத்து அவள் தெருவுக்கே விற்பது அந்த ஃப்ரீசரை நம்பித்தான். பக்கத்து வீட்டுக்காரி ஏற்கெனவே வந்து, தன் சமையலறைக்குள் அது நுழையுமா என்று முழம்போட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள்.

"இந்தா பாருய்யா," என்றாள் நெல்லிஸ். "ரெண்டும் ஒரே பெட்ரோலத்தான் குடிக்குது. என் பொட்டிய வித்து உன் வாய்க்கு வண்டி வாங்கப் போறியா?"

"ஊரு என்ன சொல்லும்?"

"நீ சொல்லிக்குடுத்ததத்தான் சொல்லும்."

மறுநாள் ஷோரூமுக்குப் போனான். ஒரு சிநேகிதனுக்காகப் பார்க்க வந்திருப்பதாக அங்கே வண்டி விற்கும் பெண் மாரெல்விஸிடம் சொல்லிவிட்டு, மிஞ்சிய வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். நின்று நின்றே டயருக்குப் படுக்கைப்புண் வந்திருக்கும் என்று அவன் ஊருக்குச் சொல்லியிருந்தான். தடவிப் பார்த்தான். டயர் உருண்டையாகத்தான் இருந்தது. சற்று ஏமாற்றமாக இருந்தது.

ஆனால் அவனைத் தூங்கவிடாமல் செய்தது டயர் அல்ல, நம்பர் பிளேட். குதிரைக்குப் பல்லைப் பார்ப்பதுபோல, பிளேட்டின் கடைசி எழுத்தைப் பார்த்தே வண்டியின் வயதைச் சொல்லிவிடுவார்கள் லோரிகாக்காரர்கள். அந்த வித்தையில் தலைமை நிபுணன் லிபார்தோவேதான்.

"இதுக்கு பிளேட்டு... பழைய எழுத்துல வருமோ?"

"இன்னிக்குப் பதிஞ்சா இன்னிக்கு எழுத்து," என்றாள் மாரெல்விஸ். "வண்டி எப்பப் பொறந்துச்சுன்னு பிளேட்டுக்குத் தெரியாதுங்க. அது வண்டியோட பதிவுக் கார்டுல இருக்கும். கார்ட போலீஸ்தான் பாப்பாங்க. ஏன், உங்க சிநேகிதருக்குப் போலீஸ்னா வெக்கமா?"

போகாசிக்கோ மீனின் முள் தொண்டையில் சிக்கி, மரவள்ளிக் கிழங்கை உருட்டி விழுங்கியதும் இறங்குமே, அப்படி ஏதோ ஒன்று அவன் நெஞ்சில் இறங்கியது. சிநேகிதன் பெயரை எழுதிக்கொள்ள அவள் பேனாவை எடுத்தாள். லிபார்தோ தன் பெயரைச் சொன்னான். அவள் நிமிர்ந்து பார்க்காமலே எழுதினாள், நல்ல பெண்.

பதினாறாம் தேதி, வண்டியோட்டிகளைக் காக்கும் கார்மன் மாதாவின் ஊர்வலம். ஹேண்டில்பாரில் பூவும் பலூனும் கட்டி ஊரிலுள்ள வண்டிகளெல்லாம் கோவில் முன் குவிந்தன. பாதிரியார் வாளியில் துடைப்பத்தை முக்கி எல்லார் மீதும் தீர்த்தம் வீசினார். எந்த வருஷம் என்று மாதாவும் கேட்கவில்லை, பாதிரியாரும் கேட்கவில்லை.

யாமித், லிபார்தோவின் சிவப்பு வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பிளேட்டின் கடைசி எழுத்தைப் பார்த்தான். புத்தம்புது எழுத்து. பிறகு வண்டியை மெதுவாக மேலும் கீழும் பார்த்தான்.

"நல்லாருக்கு மச்சான். எந்த வருஷம்?"

"மாதா முன்னாடி கேக்குற கேள்வியாடா இது?" என்றான் லிபார்தோ, மிகுந்த பக்தியோடு.

யாமித் தொப்பியைக் கழற்றினான். வண்டிக்கா, மாதாவுக்கா என்று சொல்லமுடியாத ஒரு சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்தான்.

அன்று மாலை, சாற்றுப்பைகள் நிறைந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நெல்லிஸ் பின்னால் உட்கார்ந்து சந்தைக்கு வந்தாள். வீட்டில் அவளுடைய ஃப்ரீசர் எப்போதும்போல முனகிக்கொண்டிருந்தது. சந்தையில் அவள் இறங்கியபோது பர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. ஆற்றங்கரையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதக் கழட்டித் தொலையேன். தோலு உரியுது."

"இருக்கட்டும். இப்பத்தானே வாங்குனது," என்ற லிபார்தோ, உறையில் விழுந்திருந்த சுருக்கத்தை உள்ளங்கையால் மெல்ல நீவிவிட்டான்.